பூட்டிய அறையும் எரியும் அடுப்பும்: வடலூர்ப் பக்கம் ஒரு பயணம்

வியாழன், சிதம்பரம்

வள்ளலார் என்று நாம் அழைக்கும் இராமலிங்க அடிகள் வாழ்ந்த ஊர்களை ஒரு சுற்றுப் பார்த்துவர வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம். நான் கோயிலுக்குப் போகும் வழக்கத்தை இளமையிலேயே விட்டவன். கடவுள் மறுப்பு இயக்கம் எதிலும் சேர்ந்தவனும் அல்லன். சாதியும் மதமும் சமயமும் பொய் என்பதைக் கடவுளே தமக்கு உணர்த்தியதாகப் பாடிய ஒருவரை, நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் ஒரே நேரத்தில் உரிமை கொண்டாடுகிறார்கள் என்பதுதான் என்னை இந்தப் பக்கம் இழுத்து வந்தது. அவர் சபை எழுப்பிய வடலூர் என்பது சிதம்பரத்துக்கு எழுதப்பட்ட மறுமொழி என்று எனக்குத் தோன்றுவதால், கேள்வியை முதலில் பார்த்துவிடலாம் என்று நேற்று இரவே இங்கு வந்து தங்கிவிட்டேன்.

காலையில் கீழக் கோபுரம் வழியாக உள்ளே போனேன். நடராசர் ஆடும் சிற்றம்பலத்தின் அருகே ஒரு திரை தொங்குகிறது. அதை விலக்கினால் தெரிவது பொன் வில்வ மாலைகள் தொங்கும் வெற்றிடம். அதைத்தான் சிதம்பர ரகசியம் என்கிறார்கள். இறைவனுக்கு உருவம் இல்லை, அவன் வெளியாக இருக்கிறான் என்று சொல்ல இதைவிடத் துணிச்சலான வழியை எந்தச் சமயமும் கண்டுபிடித்ததாக நான் அறியேன். அந்த வெற்றிடத்துக்கும் ஒரு திரை, அந்தத் திரையை விலக்கும் உரிமைக்கு ஒரு மரபுவழிக் குடும்பத் தொகுதி, அந்த உரிமையைக் காக்க வழக்குகள் என்று அடுக்கடுக்காக வந்து சேர்ந்தது எப்படி என்பதுதான் நான் நாள் முழுவதும் யோசித்தது.

2008ஆம் ஆண்டு சிற்றம்பலத்தின் முன்னுள்ள கனகசபை மேடையில் ஏறித் தேவாரம் பாட ஆறுமுகசாமி என்ற முதிய ஓதுவாருக்கு அரசாணையும் காவல்துறைப் பாதுகாப்பும் தேவைப்பட்டன. 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கோயில் நிர்வாகம் அந்த மரபுவழிக் குடும்பத்தாரான பொது தீட்சிதர்களுக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. 2022இல் பக்தர்கள் கனகசபையில் ஏறி வழிபடலாம் என்று மறுபடி ஓர் அரசாணை வந்தது. தமிழில் பாடுவதற்கும், நாலு படி ஏறி நிற்பதற்கும், அரசும் காவலரும் நீதிபதிகளும் வேண்டியிருக்கிறது என்றால், அங்கே காக்கப்படுவது நம்பிக்கையா, வேறு ஏதாவதா என்று கேட்பவனை நாத்திகன் என்று ஒதுக்கிவிட முடியாது. அப்படிக் கேட்டவர்கள் உள்ளேயே இருந்திருக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாச்சாரியார் தில்லைவாழ் அந்தணர் மரபைச் சேர்ந்தவர். மறைஞான சம்பந்தரைக் குருவாக ஏற்றதற்காகத் தம் கூட்டத்தாரால் விலக்கப்பட்டு, ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் வாழ்ந்தார் என்பது மரபு. சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கில் எட்டு அவர் எழுதியவை. ஒரு சமயத்தின் கோட்பாட்டை வகுத்தவர்களில் பெரும்பங்கு அந்தச் சமயத்தின் தலைக்கோயிலிலிருந்து தள்ளிவைக்கப்பட்டவருடையது என்பதைச் சைவர்கள் ஏனோ பெருமையாகவும் சொல்வதில்லை, வெட்கமாகவும் சொல்வதில்லை.

தேவார ஏடுகள் இருந்த அறையின் கதையும் இங்கேதான் நடக்கிறது. பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் அறையைத் திறப்போம் என்று சொல்லப்பட்டதாம். மன்னன் மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து திறக்கவைத்தபோது பெரும்பகுதியைக் கறையான் தின்றிருந்ததாம். இது புராணம், வரலாறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பக்தர்களே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை என்பதால், அமைப்பைப் பற்றிய ஐயம் பக்தியின் உள்ளேயே எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மாலையில் கோயிலில் கூட்டம் அதிகம். ஒரு நடுத்தர வயது அம்மா யாரிடமும் எதுவும் கேட்காமல், தூணில் சாய்ந்து, திருவாசகத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் மேலே நடந்துகொண்டிருந்த நிர்வாகத்துக்கும் எந்தத் தொடர்பும் இருப்பதாகத் தெரியவில்லை.

வெள்ளி, மருதூர்

சிதம்பரத்திலிருந்து புவனகிரி வழியாகப் பேருந்து. இரண்டு பக்கமும் வயல், இடையிடையே செங்கல் சூளை.

இராமலிங்கர் 1823 அக்டோபர் 5ஆம் நாள் இங்கே பிறந்தார். தந்தை இராமையா பிள்ளை கிராமக் கணக்கர், தாய் சின்னம்மை. குழந்தை பிறந்த சில மாதங்களில் தந்தை இறக்க, குடும்பம் தாயின் ஊரான பொன்னேரிக்கும் பிறகு சென்னை ஏழுகிணற்றுக்கும் போய்விட்டது. ஆகவே மருதூருக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறிது. பிறந்த இல்லம் இருந்த இடத்தைப் பேணி வருகிறார்கள்; விளக்கு எரிகிறது; சுவரில் படம் தொங்குகிறது.

அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருக்கு நம்பத்தகுந்த புகைப்படம் எதுவும் கிடையாது. படம் எடுக்க முயன்றபோது ஆடை மட்டுமே பதிந்தது என்று அடியவர்கள் சொல்வார்கள். பண்ருட்டிக் குயவர் ஒருவர் மண்ணால் அவரைச் செய்து கொண்டுவர, அவர் அதைக் கீழே போட்டு உடைத்தார் என்றும் ஒரு கதை உண்டு. நாம் வீடுகளில் மாட்டியிருக்கும் முக்காடிட்ட வெள்ளாடை உருவம் ஓவியர்களின் கற்பனை. அந்தக் கற்பனை நெற்றியில் திருநீறு இருக்க வேண்டுமா என்பதுதான் இன்று பெரிய தகராறு. 2023 ஜூனில் தமிழ்நாட்டு ஆளுநர் வடலூருக்கு வந்து அவரைச் சனாதன தருமத்தின் உச்ச நட்சத்திரம் என்று பேச, அவர் வகுத்த சன்மார்க்க நெறியில் நடக்கும் அன்பர்கள் பலரும் அரசியல் கட்சிகளும் எதிர்த்தார்கள். இல்லாத முகத்தில் எதைப் பூசுவது என்று இரண்டு தரப்பும் சண்டையிட்டதாகவே எனக்குப் பட்டது. மருதூர்ப் படத்தில் திருநீறு இருந்ததா என்று கேட்காதீர்கள், எழுதினால் இந்தப் பதிவு அதைப் பற்றியதாக மாறிவிடும்.

சனி, கருங்குழி

வடலூர் நாற்சந்தியில் இறங்கி அறை எடுத்துவிட்டு, ஆட்டோ பிடித்துக் கருங்குழிக்குப் போனேன். சென்னையை விட்டு வந்த இராமலிங்கர் 1858 முதல் 1867 வரை இங்கே வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கியிருந்தார். நாட்டுக்குப் பாட்டு வந்த வீடு இது. தண்ணீரில் விளக்கெரித்த அற்புதமும் இங்கேதான் நடந்ததாகச் சொல்லப்படுகிறது; இங்கு வருபவர்களுக்கு முதலில் சொல்லப்படுவதும் அதுதான். எண்ணெய்க் கலயம் என்று எண்ணித் தண்ணீர்க் கலயத்திலிருந்து ஊற்றினாராம், விளக்கு விடிய விடிய எரிந்ததாம்.

என்னைக் கூட்டிப்போன ஆட்டோ ஓட்டுநர், இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். “நீங்க நம்ப மாட்டீங்க போலயே சார்?” என்றார். நம்பவில்லை என்றேன். “எங்க தாத்தா நம்பினாரு. ஆனா அவரும் எண்ணெய் வாங்கித்தான் விளக்கு ஏத்தினாரு” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எனக்கு அற்புதத்தைவிட, இங்கே தங்கியிருந்த காலத்தில் 1865இல் அவர் தொடங்கிய சங்கத்தின் வரலாறுதான் வியப்பளிக்கிறது. அதற்கு முதலில் வைத்த பெயர் சமரச வேத சன்மார்க்க சங்கம். 1872இல் பெயரை மாற்றி, சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என்றார். ஏழே ஆண்டுகளில் வேதம் பெயரிலிருந்து வெளியேறிவிட்டது. தாம் தொடங்கிய அமைப்பின் பெயர்ப் பலகையையே, தம் அறிவு வளர்ந்ததற்கு ஏற்பத் திருத்திய சமயத் தலைவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறேன், அதிகம் பேர் நினைவுக்கு வரவில்லை. இதே காலத்தில் அவர் எழுதிய பாடல்களும் நிறம் மாறுகின்றன. கந்தகோட்டத்து முருகனையும் திருவொற்றியூர்ச் சிவனையும் உருகி உருகிப் பாடியவர், பிற்பாட்டில் நால்வருணம், ஆசிரமம், ஆசாரம் முதலானவற்றையெல்லாம் ‘பிள்ளை விளையாட்டே’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறார். கண்மூடி வழக்கமெல்லாம் மண்மூடிப் போக வேண்டும் என்று அவர் பாடியது மேடைகளில் தேய்ந்துபோன வரியாகிவிட்டது. ஆனால் அந்தக் கண்மூடி வழக்கத்தில் தம் பழைய பாடல்களையும் அவர் சேர்த்துக்கொண்டார் என்பதை மேடைகள் சொல்வதில்லை. அதை மேட்டுக்குப்பத்தில் போய்த்தான் பேச வேண்டும்.

ஞாயிறு, வடலூர்

இன்று மாதப் பூசம் என்பதால் காலையிலிருந்தே ஊர் நிரம்பத் தொடங்கிவிட்டது. முதலில் பசித்தவர்களுக்கு உணவளிக்க அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலைக்குப் போனேன். 1867 மே 23ஆம் நாள் இங்கே மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்கிறார்கள். நம்பிக்கையாளர்கள் சொல்லும் கூற்றுகளுள் என் ஐயப்புத்தி அதிகம் முரண்டு பிடிக்காத கூற்று இது. ஏனென்றால் இதற்கு இயற்கையை மீறிய எதுவும் தேவையில்லை. விறகும் ஆளும் போதும். இருபத்தோரு அடி நீள அடுப்பின் மேல் பெரிய பெரிய அண்டாக்கள் கொதித்துக்கொண்டிருந்தன. வெளியே அரிசி மூட்டையோடு வந்தவர்கள் இறக்கிவைத்துவிட்டுப் பேசாமல் போனார்கள். அந்தக் காலத்தில் பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ எண்பது காணி நிலத்தை எழுதிக் கொடுத்ததால்தான் சாலையும் சபையும் எழுந்தன. சாலை தொடங்கிப் பத்தாண்டுக்குள் 1876இல் தென்னிந்தியாவைத் தாதுப் பஞ்சம் தாக்கியது என்பதை நினைத்தால், பசியை முதல் கேள்வியாக எடுத்துக்கொண்ட ஒருவர் எந்தக் காலத்தில் நின்று பேசினார் என்பது விளங்கும்.

பந்தியில் உட்காரும் முன், பரிமாறிக்கொண்டிருந்த வயதான அம்மாவிடம், “நான் கறி சாப்பிடுறவன்மா, இங்க உட்காரலாமா?” என்று கேட்டேன்.

“பசிக்குதா இல்லியா, அதச் சொல்லுங்கய்யா” என்றார் அவர். சாம்பாரை ஊற்றிவிட்டு, நகர்வதற்கு முன் திரும்பி, “கறிய விட்டீங்கன்னா சபைக்குள்ளாறயும் போலாம். அது ஒங்க இஷ்டம்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த அம்மா போகிற போக்கில் சொன்னது வள்ளலாரின் கொள்கையிலேயே உள்ள ஒரு பிளவு. கொலை புலை, அதாவது உயிர்க்கொலையும் புலால் உணவும், தவிர்த்தவர்களை அவர் அக இனத்தார் என்றும் மற்றவர்களைப் புற இனத்தார் என்றும் பிரித்தார். புற இனத்தாருக்குப் பசியைத் தீர்க்கலாம், அதற்குமேல் உறவு வேண்டாம் என்பது அவர் விதி. சத்திய ஞானசபையின் வாயிலிலும் கொலை புலை தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே புக வேண்டும் என்று அறிவிப்பு இருக்கிறது. பெரியார் ஒருமுறை இங்கு வந்தபோது அதைப் படித்துவிட்டு, தாம் புலால் உண்பவர் என்பதால் வெளியிலேயே நின்றுவிட்டார் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, நானும் அப்படியே நின்றேன். சாதியை ஒழித்த கை உணவைக் கொண்டு இன்னொரு கோடு போட்டது எனக்கு உறுத்துகிறது. இந்த நாட்டில் யார் எதை உண்கிறார்கள் என்பது சாதியோடு பின்னிக் கிடப்பது அவருக்குத் தெரியாததல்ல. உயிர்க்கொலையைத் தாங்க முடியாத மனம்தான் அந்தக் கோட்டைப் போட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகக் கோடு மறைந்துவிடாது. தைப்பூசத்தன்று தமிழ்நாடு முழுவதும் அரசாணையால் இறைச்சிக் கடைகளை மூடவைக்கிறார்கள். கருணையை உத்தரவாகப் பிறப்பித்தால் அது ஒருநாள் வியாபார இழப்பாகத்தான் ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

ஞானசபை எண்கோண வடிவம். அவரே வரைந்து கொடுத்த அமைப்பில் கட்டப்பட்டு, 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று திறக்கப்பட்டது. சுற்றிலும் 21,600 கண்ணிகள் கொண்ட இரும்புச் சங்கிலி. மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை என்று கணக்குச் சொல்கிறார்கள். உள்ளே ஒரு தீபம், அதன் முன் ஒரு கண்ணாடி, அதற்கு முன் ஏழு நிறத் திரைகள். சிலை கிடையாது. சிதம்பரத்தில் வெற்றிடத்தின் முன் தொங்கிய ஒற்றைத் திரை இங்கே ஏழாகியிருப்பதைப் பார்த்து முதலில் எனக்குச் சலிப்பே வந்தது. ஆனால் இங்கே திரை என்பது காண்பவனின் அறியாமையைக் குறிக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு மாயா சக்தி, நீங்கிவிட வேண்டியது. ரகசியத்தைப் பாதுகாக்க ஆள் வைப்பதற்கும், மறைப்பு நம்மிடம்தான் இருக்கிறது என்று சொல்வதற்கும் இடையே உள்ள தொலைவைக் கட்டடமாகவே எழுப்பியிருக்கிறார்.

இதைவிடக் கூர்மையானது, சபையில் விளக்கேற்றவும் தூய்மை செய்யவும் யாருக்கு உரிமை என்று 1872 ஜூலையில் அவர் எழுதிவைத்த விதி. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களோ எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களோதான் அதைச் செய்ய வேண்டும். பூசாரித் தொழிலை ஒழிக்க இதைவிட எளிய உத்தி இருக்க முடியுமா என்று தெரியவில்லை. சிறுவன் வளர்ந்து தகுதியிழப்பான், கிழவர் விரைவில் போய்விடுவார். குடும்பச் சொத்தாக அதை யாரும் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. பகுத்தறிவு பேசும் எங்களைப் போன்றவர்கள் அமைப்புகளைத் திட்டுவதோடு நின்றுவிடுகிறோம். இவர் அமைப்பின் பலவீனம் எந்த மூட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்து அந்த மூட்டிலேயே கை வைத்திருக்கிறார்.

அப்படியும் தப்பவில்லை. அவர் மறைந்த பிறகு ஞானசபையின் வழிபாடு மரபுவழி அர்ச்சகர் கைக்குப் போய், உள்ளே சிவலிங்கத்துக்கு ஆகம முறைப் பூசையும் நடக்கத் தொடங்கியது. சன்மார்க்க அன்பர்கள் பல காலம் முறையிட்ட பிறகு, 2006இல் இந்து சமய அறநிலையத் துறை அந்த 1872 விதிகளைச் சுட்டிக்காட்டி, இங்கு சோதி வழிபாடு மட்டுமே நடக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அர்ச்சகர் தரப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2010இல் நீதிபதி கே. சந்துரு அந்த மனுவைத் தள்ளி, துறையின் உத்தரவை உறுதிசெய்தார். எல்லாச் சமயங்களையும் விட்டுவிடுங்கள் என்று சொன்ன ஒருவரின் சபையை, இந்து சமயத்துக்கென்றே உள்ள அரசுத் துறைதான் நிர்வகிக்கிறது. அவர் சொன்னபடி நடக்க வேண்டும் என்று ஆணையிட்டதும் அதே துறைதான். தீர்ப்பு நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நூற்று நாற்பது ஆண்டுக்குள் இந்த நிலைக்கு வந்திருக்கிறோமே என்று சபைக்கு வெளியே நின்றபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சபையைச் சுற்றியுள்ள திறந்த நிலம் பெருவெளி. தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கானோர் நின்று பார்க்கும் இடம். இங்கே அரசு சார்பில் ஏறத்தாழ நூறு கோடி ரூபாயில் சர்வதேச மையம் கட்ட 2024இல் அடிக்கல் நாட்டப்பட்டது; பள்ளம் தோண்டியதும் பார்வதிபுரத்து மக்கள் இறங்கி மறித்தார்கள். எங்கள் முன்னோர் கொடுத்த நிலம், இது வெளியாகவே இருக்கட்டும் என்பது அவர்கள் வாதம். மையத்தை வேறிடத்தில் கட்டினால் வள்ளலாருக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை. அவரைக் கொண்டாட நினைக்கிற எல்லோருக்கும் ஏதாவது ஒன்றைக் கட்டியாக வேண்டியிருக்கிறது.

இரவு சோதி தரிசனம். மாதப் பூசத்தில் ஆறு திரைகளைத்தான் விலக்குவார்கள். ஏழும் விலகுவது தைப்பூசத்தில் மட்டும். அருட்பெருஞ்ஜோதி என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருக்க, தலைகளுக்கு மேலே ஓர் ஒளிப்பொட்டு சில நொடிகள் தெரிந்தது. பக்கத்தில் நின்ற இளைஞன் அழுதுகொண்டிருந்தான். எனக்கு ஒன்றும் நேரவில்லை. அவன் அழுகையைப் பொய் என்று சொல்ல எந்த வழியும் என்னிடம் இல்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

திங்கள், மேட்டுக்குப்பம்

வடலூரிலிருந்து மேட்டுக்குப்பம் சித்திவளாகத்துக்குக் காலையில் நடந்தே போய்விட்டேன். நெய்வேலிப் பக்கத்து வானம் மங்கலாகக் கிடந்தது.

1873 அக்டோபரில் இந்த மாளிகை முன் அவர் சன்மார்க்கக் கொடியை ஏற்றி, பேருபதேசம் என்று இன்று அழைக்கப்படும் உரையை ஆற்றினார். இந்தப் பயணத்தில் நான் பையில் கொண்டுவந்த அச்சுத்தாள் அது ஒன்றுதான். சைவம், வைணவம் முதலான சமயங்களிலும் வேதாந்தம், சித்தாந்தம் முதலான மதங்களிலும் மனம் வைக்காதீர்கள். அவை உண்மையை வெளிப்படச் சொல்லாமல் மண்ணைப் போட்டு மறைத்துவிட்டன என்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் பிறரைக் கண்டித்த இன்னொரு சீர்திருத்தக்காரர் என்று கடந்து போயிருப்பேன். அவர் மேலே போகிறார். தமக்குச் சைவத்தின் மேல் இருந்த பற்றுக்கு அளவே இல்லை, அதற்குத் தம் பழைய தோத்திரங்களே சாட்சி, அப்போது ஏன் அப்படிப் பற்று இருந்தது என்றால் அப்போது தமக்கு அற்ப அறிவாக இருந்தது என்கிறார். தம்மைப் புகழ்பெறச் செய்த பாடல்களைத் தம்மைத் தேடி வந்த கூட்டத்தின் முன்பே இப்படி இறக்கிவைக்கிறார். ஐயம் என்பது நம்பாதவனின் கருவி என்றுதான் நான் இதுவரை எண்ணியிருந்தேன். இங்கே அது நம்புகிறவனின் கையில் இருக்கிறது, அதுவும் தன்னை நோக்கியே திருப்பப்பட்டு.

பின்வந்தவர்கள் அமைப்பிலிருந்து முதலில் எடுத்துவிட்டது இதைத்தான் என்பது என் எண்ணம். நேற்று முழுவதும் வடலூர் ஒலிபெருக்கியில் பாடல்கள் கேட்டன. பேருபதேசத்தின் அந்தப் பகுதி ஒருமுறைகூடக் காதில் விழவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் எழுதாமல் விட்டால் நேர்மையாக இராது. இறந்தவர்கள் எழுவார்கள், ஆகவே பிணத்தை எரிக்காமல் புதையுங்கள் என்றும், ஆண்டவர் வரும் தருணம் நெருங்கிவிட்டது என்றும், மரணமிலாப் பெருவாழ்வு கைகூடும் என்றும் அவர் அன்பர்களுக்கு அறிவித்தார். என்னால் இவற்றில் ஒன்றையும் ஏற்க முடியாது. தெய்வமே வந்துவிடப்போகிறது என்று காத்திருந்த ஏழைகளுக்கு அந்தக் காத்திருப்பு என்ன செய்திருக்கும் என்ற கேள்வியும் எழுகிறது. பகுத்தறிவாளர்கள் அவரைத் தங்களவர் என்று சொல்லும்போது இந்தப் பக்கங்களைப் புரட்டிவிடுகிறார்கள், சைவர்கள் பேருபதேசத்தைப் புரட்டிவிடுவது போலவே.

1874 ஜனவரி 30ஆம் நாள் இரவு இங்குள்ள ஓர் அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தாலும் வெற்றறையாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். 1906இல் தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியை எழுதிய டபிள்யூ. பிரான்சிஸ் என்ற ஆங்கில அதிகாரி, அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை, அறை இன்னும் பூட்டியே இருக்கிறது, அவர் இறைவனோடு ஒன்றாகிவிட்டார் என்று அடியவர்கள் நம்புகிறார்கள் என்று மூன்று செய்திகளையும் ஒரே தொனியில் பதிந்துவிட்டுப் போகிறார். எனக்கு அந்தத் தொனி பிடித்திருக்கிறது. அறையின் முன் நின்றபோது இரண்டு கூட்டத்தாரும் நினைவுக்கு வந்தார்கள். உடம்போடு ஒளியாகிவிட்டார் என்பவர்களிடம் சான்று இல்லை. அவரைக் கொன்று எரித்துவிட்டார்கள் என்று என் நண்பர்கள் சிலர் அடித்துச் சொல்வார்கள், அவர்களிடமும் சான்று இல்லை. கதவு மூடியிருக்கும் இடத்தில் தமக்கு வேண்டிய கதையை வைத்துவிடும் பழக்கம் கடவுளை நம்புகிறவர்களுக்கு மட்டும் உரியதன்று.

அறையைக் காத்துக்கொண்டிருந்த பெரியவர், “உள்ள என்ன இருக்குன்னு கேக்காம போறீங்களே ஐயா, வர்றவங்க எல்லாரும் கேப்பாங்க” என்றார். அவருக்கு என்ன தோன்றுகிறது என்று நான் திருப்பிக் கேட்டேன். “வெளிய இருக்கற விளக்கப் பாத்துக்கன்னு சொன்னாரு. அதப் பாத்துக்கிட்டிருக்கேன்” என்றார்.

செவ்வாய், மஞ்சக்குப்பம்

ஊர் திரும்பும் முன் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரைநாள். வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடங்களும் பெரிய மைதானமும் அரசு அலுவலகங்களும் உள்ள பகுதி. இங்கிருந்த நீதிமன்றத்தில்தான் 1869இல் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் இராமலிங்கரும் எதிரெதிர்த் தரப்பாக வந்து நின்றார்கள்.

சண்டையின் வேர் 1867இல் இராமலிங்கரின் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பித்த அவர் பாடல் தொகுதி. அதற்குத் திருவருட்பா என்று பெயர், பகுதிகளுக்குத் திருமுறை என்று பெயர். சைவத்தில் திருமுறை பன்னிரண்டுதான், அருட்பா என்பதும் அவற்றுக்கே உரியது, உயிரோடிருக்கும் ஒருவரின் பாட்டு எப்படி அப்பெயரைப் பெறலாம் என்று நாவலர் எதிர்த்தெழுதினார். பேச்சு வளர்ந்து, சிதம்பரம் கோயிலில் நடந்த கூட்டத்தில் தம்மை இழிவுபடுத்திப் பேசினார்கள் என்று நாவலர் வழக்குத் தொடுக்க, இராமலிங்கர் விடுவிக்கப்பட்டார். அவர் நீதிமன்றத்துக்குள் நுழைந்தபோது நாவலரே எழுந்து நின்றார் என்ற கதை ஒரு தரப்பாரிடம் மட்டும்தான் உண்டு. துண்டறிக்கைச் சண்டை இருவரும் மறைந்த பிறகும் அடுத்த தலைமுறையில் தொடர்ந்தது.

நாவலரைப் பழமைவாதி என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவியவர் அவர். அந்த வேலையிலிருந்து வெளியேறி, சைவப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் அச்சகமும் தொடங்கியவர். தம் ஊர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் நிர்வாகத்தோடும் அவர் ஓயாமல் மோதினார். கோயில்களில் உயிர்ப்பலி கூடாது என்று கண்டித்து எழுதினார். உயிர்ப்பலி என்றால் இராமலிங்கருக்கும் அதே கோபம். இருவரும் ஒரு திண்ணையில் உட்கார்ந்து கோயில்களில் நடக்கும் கேடுகளைப் பட்டியலிட்டிருந்தால் பாதிக்குமேல் ஒத்துப்போயிருக்கும். வேறுபாடு ஒன்றில்தான்: நாவலர் ஆகமத்தின்படி கோயிலைத் திருத்த நினைத்தார், ஆகவே எது திருமுறை என்ற எல்லை அவருக்கு உயிர் போன்றது. இராமலிங்கருக்கு அந்த எல்லையே 1869க்குள் கரையத் தொடங்கிவிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து மேட்டுக்குப்பத்தில் அவர் சொன்னதைப் பார்த்தால், நாவலர் பழித்த அந்தப் பாடல்களை அவரே கைவிட்டுவிட்டார் என்றுதான் கொள்ள வேண்டும். சமயங்களை மறுக்கும் பிற்காலப் பாடல்கள் அடங்கிய ஆறாம் திருமுறை அவர் மறைந்த பின் 1885இல் அச்சேறியது. அதற்கும் திருமுறை என்றே பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெயரை அப்போதே விட்டிருக்கலாம் என்று என் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னேன். கடலூரிலிருந்து வரும் இந்தப் பேருந்தில் விழுப்புரம் வரை கூட வந்தவர் அவர், சட்டைப் பையில் சன்மார்க்க அட்டை வைத்திருந்தார். “பேர் இல்லன்னா யாரு சார் எடுத்துப் படிப்பா?” என்று கேட்டார். விழுப்புரத்தில் அவர் இறங்கும்வரை இதைப் பற்றித்தான் வாதாடிக்கொண்டு வந்தோம்.